மழை வந்தா கரகரப்பு, வெயில் வந்தா "லைன் ஓகே": வீட்டு போன் பழுதை ஒழுங்கா சரிசெய்ய வைப்பது எப்படி?

#1 ஈரக்காது

செம்புக் கம்பியில் வரும் பழைய லேண்ட்லைன். அறிகுறிகள்: மழை தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரகரப்பு, எதிர்முனைக் குரல் அமுங்குகிறது. வெளியிலிருந்து கூப்பிட்டால் மணி ஒரே ஒரு முறை அடித்து நின்றுவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் டயல் டோன் மட்டும். மழை விட்டு ஒரு நாள் காய்ந்தால் எல்லாம் சரி. புகார் பதிந்தால் மறுநாள் காலை "சோதித்தோம், லைன் சரியாக உள்ளது" என்று குறுஞ்செய்தி வந்து புகார் மூடப்படுகிறது. மூன்று புகார், மூன்றுக்கும் இதே முடிவு. பழுது எங்கே இருக்கும்? என்ன சொன்னால் ஆள் அனுப்புவார்கள்?

#2 ஓம்_மீட்டர்

பழுது எங்கேன்னு தேடுறதுக்கு முன்னாடி, பழுது யாரோடதுன்னு தேடுங்க.

வெளியிலிருந்து வர்ற வயர் வீட்டில் முதல்ல வந்து விழுற பெட்டி ஒண்ணு இருக்கும். சில ஊர்ல சுவருக்கு வெளியே சாம்பல் நிறத்தில், சில ஊர்ல கதவுக்குப் பின்னாடி சின்ன ரோசெட்டா (சுவரில் பதிச்ச போன் இணைப்புப் பெட்டி). பொதுவா அதுவரைக்கும் கம்பெனி பொறுப்பு, அதுக்கு உள்ளே இருக்கிறது நம்ம பொறுப்பு. லைன்மேன் வந்து பார்த்து பழுது உள்பக்கம்னு தெரிஞ்சா வந்து போன கட்டணம் போட இடம் உண்டு. அதனால இந்தச் சோதனையை விடாதீங்க.

வீட்டில் லைனில் தொங்குற எல்லாத்தையும் பிடுங்குங்க. போன், கார்ட்லெஸ் அடிப்பெட்டி, ஃபேக்ஸ், மோடம், ஸ்ப்ளிட்டர் (போனையும் நெட்டையும் பிரிக்கிற குட்டிப் பெட்டி), லைனில் கோத்த திருட்டு அலாரம், ஒண்ணு விடாம. அலாரத்தை நிறைய பேர் மறந்துடுவாங்க. அது லைனைத் தனக்குள் எடுத்து மறுபடி வீட்டுக்கு விடும், உள்ளே இருக்கிற ரிலே காண்டாக்ட் கெட்டா வீடு முழுக்கக் கரகரப்பு.

அப்புறம் மின்சாரமே வேண்டாத சாதாரண வயர் போன் ஒண்ணை அந்த முதல் பெட்டியில் நேரா போடுங்க. கார்ட்லெஸ் வேண்டாம். அதோட அடாப்டரும் பழைய பேட்டரியும் தனியா இரைச்சல் கிளப்பும், எது எதுன்னு பிரிக்க முடியாது. பெட்டிக்குள்ளே சோதனை சாக்கெட் இருந்தா அதில் போன் முனையைச் செருகினதும் வீட்டு வயர் தானா துண்டிக்கப்படும்.

அந்த நிலையிலும் கரகரப்பு வந்தா பழுது வெளியே. வரலைன்னா உள்ளே. அப்போ ஒவ்வொண்ணா திரும்பச் செருகிக் கேளுங்க, எதைச் செருகினதும் வருதோ அதுதான் குற்றவாளி. சோதனை மழை நேரத்தில் நடக்கணும், காய்ஞ்ச நாளில் செஞ்சு பிரயோஜனம் இல்லை.

#3 ஈரக்காது

சோதனை சாக்கெட் இல்லை. இரண்டு திருகு, அதில் நாலு வயர் மாட்டியிருக்கு. எது உள்ளே வருவது, எது வீட்டுக்குப் போவது என்று தெரியவில்லை.

#4 ஓம்_மீட்டர்

முதல்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்கோங்க. கம்பெனி முத்திரை ஒட்டியிருந்தா உடைக்காதீங்க, அதோட நிறுத்திக்கலாம்.

முத்திரை இல்லைன்னா மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட் அளவில் வெச்சு, ஒரு ஜோடியைக் கழற்றி அதன் ரெண்டு முனையையும் தொடுங்க. 48-ஐ ஒட்டி வந்தா அதுதான் வெளியிலிருந்து வர்ற ஜோடி. 46-இலிருந்து 54 வரைக்கும் எது வந்தாலும் சாதாரணம். ஒண்ணுமே வராத ஜோடி வீட்டுக்குப் போறது, அதைத் தனியா விட்டுடுங்க. வர்ற ஜோடியை மட்டும் திருகில் மாட்டி, போன் வயரோட நடு ரெண்டு கம்பியை அதோட சேர்த்தா போதும். ஆர்ஜே11 முனையில் (போன் வயரோட பிளாஸ்டிக் பிளக்) நாலு கம்பி இருந்தாலும் லைன் ஓடுறது நடு ரெண்டில் மட்டும்தான்.

மீட்டரை வெச்சபடி ரிசீவரைத் தூக்கினா 48 சடார்னு 5-இலிருந்து 10 வோல்ட்டுக்கு இறங்கணும். அதுதான் ஆரோக்கியமான லைன். இறங்கி 0 ஆகி டோனே வரலைன்னா வழியில் எங்கேயோ அதிகத் தடை. ரிசீவர் கீழே இருக்கும்போதே 6, 7 வோல்ட்னு காட்டினா ஏதோ ஒரு கருவி லைனைத் தூக்கிப் பிடிச்சிருக்கு, இல்லைன்னா ரெண்டு கம்பிக்கும் நடுவே கசிவு.

ரெண்டு கம்பிக்கும் நடுவே 0, ஆனா ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் நடுவே 48 காட்டுதா? இன்னொரு கம்பி அறுந்திருக்கு.

எச்சரிக்கை மூணு. இடி மின்னல் நேரத்தில் தொடவே வேண்டாம். லைனில் மணி வரும்போது 75-இலிருந்து 90 வோல்ட் ஏசி வரும், ஈரக் கையில் நல்லாவே உதறும். மணி அடிக்காத நேரத்தில் ஏசி அளவில் 50, 60 வோல்ட்டுக்கு மேல காட்டினா மின்கம்பியோட எங்கேயோ தொடர்பு ஏற்பட்டிருக்கு. அதோட கையை எடுத்துட்டு கம்பெனிக்கு அவசரப் புகார் சொல்லுங்க.

#5 எக்ஸ்சேஞ்ச்_பக்கம்

மணி ஒரு முறை அடித்து நிற்பதுதான் இந்தப் புகாரில் மிக முக்கியமான தடயம். கரகரப்பை விட அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதற்குக் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஈரக் கசிவு.

ரிசீவர் கீழே இருக்கும்போது போன் நேர்மின்சாரத்தை உள்ளே விடாது, மணிச் சுற்றில் ஒரு மின்தேக்கி அதைத் தடுத்து நிற்கும். மணி வரும்போது எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட் மேல் 20 அல்லது 25 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை ஏற்றி அனுப்புகிறது. நீங்கள் ரிசீவரைத் தூக்கிய கணம் நேர்மின்சாரம் ஓடத் தொடங்கும். "எடுத்துவிட்டார்" என்று எக்ஸ்சேஞ்ச் மணியை நிறுத்தி இரு முனைகளையும் இணைத்துவிடும்.

இரண்டு கம்பிக்கும் நடுவே ஈரம் இருந்தால் அந்த ஈரத்தின் வழியாகவே நேர்மின்சாரம் ஓடும். கசிவுத் தடை சில ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிட்டால் எக்ஸ்சேஞ்ச் அதை ரிசீவர் தூக்கியதாக எடுத்துக்கொள்ளும். மணி முதல் அடியிலேயே நிற்கும். கூப்பிட்டவருக்கு யாரோ எடுத்து, கரகரவென்று ஏதோ கேட்டு, துண்டித்த மாதிரி இருக்கும். அவர் கணக்கில் ஒரு அழைப்பும் ஏறும்.

இப்போது "லைன் சரி" எப்படி வருகிறது என்று பாருங்கள். தொலைவிலிருந்து சோதிக்கும் கருவி சில விஷயங்களைப் பார்க்கும்: இரண்டு கம்பிக்கும் இடையிலான காப்புத் தடை, ஒவ்வொரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலான தடை, வெளியிலிருந்து வந்த மின்னழுத்தம் ஏதாவது உண்டா, லைனின் மின்தேக்குதிறன், முனையில் போன் ஒன்று மாட்டியிருப்பதன் அடையாளம். நல்ல காய்ந்த ஜோடியில் காப்புத் தடை மெகா ஓம் கணக்கில் இருக்கும். மழை ராத்திரி இரண்டு மணிக்கு அதே ஜோடி எட்டாயிரம் ஓம் காட்டும். மறுநாள் பத்து மணி வெயிலில் மறுபடி மெகா ஓம். சோதித்தவர் பொய் சொல்லவில்லை, நேரம் தப்பு.

ஆகவே கேட்க வேண்டியது "ஆள் அனுப்புங்கள்" அல்ல. "பழுது இருக்கும் இந்த நிமிடத்திலேயே சோதனை ஓட்டுங்கள், காப்புத் தடை எவ்வளவு என்று புகாரில் குறித்து வையுங்கள்." அந்த எண் ஒரு முறை பதிவாகிவிட்டால் அடுத்த வெயில் காலைச் சோதனையால் அதை அழிக்க முடியாது.

#6 மணிச்சத்தம்

இவ்வளவு எதுக்கு? "லைன் டெட்"னு சொல்லிட்டா ஆள் ஓடி வருவான். இரைச்சல் புகாரை எல்லாம் கடைசி வரிசையில்தான் வைப்பாங்க.

#7 எக்ஸ்சேஞ்ச்_பக்கம்

@மணிச்சத்தம் வரிசை விஷயம் உண்மை, ஆனால் அந்த வழி திருப்பி அடிக்கும். டெட் என்று பதிந்ததும் முதல் வேலை தொலைவிலிருந்து ஒரு சோதனை. லைன் உயிரோடு இருந்தால், முனையில் போன் தெரிந்தால், ஆள் புறப்படும் முன்பே புகார் மூடப்படும். வந்தாலும் டெட் பார்க்க வந்தவர் ரிசீவரைத் தூக்கி டோன் கேட்டதும் "வருதே சார்" என்று கிளம்பிவிடுவார். இரைச்சல் தேட வந்தவர்தான் கம்பத்தில் ஏறுவார்.

"விட்டு விட்டு வரும் பழுது, மழையில் மட்டும், மீண்டும் மீண்டும்" என்று பதியச் சொல்லுங்கள். பழைய புகார் எண்கள் மூன்றையும் அதே புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள். புதுப் புகாராகப் போனால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான். திரும்பத் திரும்ப வரும் பழுது என்று குறித்துவிட்டால் பொதுவாக வேறு மேசைக்குப் போகும்.

இன்னொன்று. புகார் சொல்ல அதே லைனைப் பயன்படுத்தாதீர்கள், பேசிக்கொண்டிருக்கும் லைனைச் சோதிக்க முடியாது. சோதனை நடக்கும்போது ரிசீவர் கீழே இருக்கட்டும், ஒரு வயர் போன் மட்டும் மாட்டியிருக்கட்டும். எல்லாவற்றையும் பிடுங்கி வைத்தால் முனையில் ஒன்றுமே தெரியாமல் "வீட்டில் போன் மாட்டவில்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

#8 பழைய_ஸ்ப்ளைசர்

இரைச்சல் எப்போ வருதுங்கறதை வெச்சே பாதி இடத்தைக் கண்டுபிடிச்சிடலாம். மழையோட நேரத்தையும் இரைச்சலோட நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்க, லைன்மேன் கையில் அதைக் கொடுங்க. மீட்டரை விட அது பேசும்.

தூறல் விழுந்த அஞ்சு பத்து நிமிஷத்தில் ஆரம்பிச்சு, நின்னதும் சீக்கிரம் போயிடுதா? மேலே இருக்கிற சாமான்: கம்பத்திலிருந்து வர்ற டிராப் வயர், அதோட ஜாயின்ட், மூடி உடைஞ்ச டிபி பாக்ஸ் (வீடுகளுக்கு டிராப் வயர் பிரியற பெட்டி). தோல் வெயிலில் வெடிச்ச வயர்னா தண்ணி படுற அடுத்த நிமிஷமே கரகரப்பு.

ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து, ஒரு நாள் இருந்துட்டுப் போகுதுன்னா தண்ணி ஊறி உள்ளே இறங்கற இடம். டேப் சுத்தின ஜாயின்ட், அடியில் ஓட்டை விட்ட பில்லர் (தெருவோரக் கேபிள் பெட்டி), சுவர் ஓட்டை வழியா ரோசெட்டுக்குள் ஒழுகுற தண்ணி. கேள்வி கேட்டவருக்கு இந்த வகைதான் பொருந்துது.

மழை விட்டு மூணு நாலு நாள் ஆகியும் தீரலைன்னா நிலத்தடி. சேம்பரில் (கேபிள் போற நிலத்தடிக் குழி) தண்ணி நிக்குது, கேபிள் ஜாயின்ட் உள்ளே நனைஞ்சிருக்கு. அப்போ பக்கத்து வீடுகளுக்கும் இருக்கும், ஒரே டிபியில் இருக்கிற நாலு பேரைக் கேட்டுப் பாருங்க. ரெண்டு பேருக்கு மேல இருந்தா ஒரு வீட்டுப் புகாரா போடாதீங்க, எல்லார் எண்ணையும் சேர்த்துக் கேபிள் பழுதுன்னு போடுங்க.

மழையே இல்லை, காத்தடிச்சா மட்டும் வருதுன்னா டிராப் வயர் மரக்கிளையில் உரசித் தோல் தேய்ஞ்சிருக்கு, அல்லது கம்பத்து முனையில் திருகு தளர்ந்திருக்கு. காலை வெயில் ஏறும்போது வந்து மத்தியானம் போனா அரிச்ச ஜாயின்ட், சூட்டில் விரிஞ்சு தொட்டும் தொடாமலும் நிக்குது.

விநோதம் ஒண்ணு: கரகரன்னு இருக்கிற லைன் ஒரு அழைப்பு மணி அடிச்சதும் கொஞ்ச நேரம் பளிச்சுன்னு சுத்தமாயிடும். தானா சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. ஜாயின்ட்டில் படிஞ்ச ஆக்சைடு படலத்தை மணியோட உயர் மின்னழுத்தம் துளைச்சு வழி பண்ணிடுது, அவ்வளவுதான். சில மணி நேரத்தில் திரும்ப வரும்.

#9 சின்னத்திரி

மழை இல்லாமலே "ம்ம்ம்ம்" என்று ஒரே சீராக முனகல் கேட்கிறதே, அதுவும் ஈரமா?

#10 பழைய_ஸ்ப்ளைசர்

சீரான முனகல் வேற, கரகரப்பு வேற. முனகல்ங்கறது மின்கம்பியிலிருந்து ஏறுற 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்.

போன் லைன் ரெண்டு கம்பியையும் முறுக்கி விடுறது எதுக்கு? வெளியிலிருந்து ஏறுற இரைச்சல் ரெண்டு கம்பியிலும் சமமா ஏறி, போனில் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். அந்தச் சமநிலை குலைஞ்சா முனகல். குலையறதுக்குக் காரணம் ரெண்டு: ஒரு கம்பி மட்டும் நிலத்தோட கசியுது, அல்லது ஒரு கம்பியில் மட்டும் ஜாயின்ட் அரிச்சுத் தடை ஏறியிருக்கு.

இடி விழுந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சதா? பெட்டியில் இருக்கிற மின்னல் காப்பான் பாதி எரிஞ்சு ஒரு கம்பியை நிலத்தோட கோத்து விட்டிருக்கும். கம்பெனிக்காரர் அதை மாத்தினா முடிஞ்சுது.

ஆனா அடாப்டர் போட்ட கருவி அத்தனையும் பிடுங்கின பிறகும் முனகல் இருக்கான்னு முதல்ல பாருங்க.

#11 மோடம்_விளக்கு

டயல் டோன் அறவே வரவில்லை. ஆனால் அதே லைனில் டிஎஸ்எல் இணையம் மெதுவாக ஓடுகிறது, அடிக்கடி அறுந்து அறுந்து. கம்பெனியில் "நெட் வருதுன்னா லைன் நல்லாத்தான் இருக்கு, போன்தான் கெட்டிருக்கும்" என்கிறார்கள். சரியா?

#12 ஓம்_மீட்டர்

தப்பு. இது பாடப்புத்தக அறிகுறி: ரெண்டு கம்பியில் ஒண்ணு அறுந்திருக்கு.

பேச்சுக்கும் டயல் டோனுக்கும் முழுச் சுற்று வேணும், நேர்மின்சாரம் போய்த் திரும்பி வரணும். ஏடிஎஸ்எல் (வீட்டு டிஎஸ்எல்லில் ஒரு வகை) ஓடுறது சுமார் 25 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகா ஹெர்ட்ஸ் வரைக்கும். அந்த அதிர்வெண்ணில் அறுந்த இடத்து இடைவெளியையே ஒரு குட்டி மின்தேக்கி மாதிரி தாண்டி சிக்னல் கசிஞ்சு போயிடும். நொண்டி நொண்டி நெட் வரும், போன் வராது.

புகார் போடுறதுக்கு முன்னாடி ஸ்ப்ளிட்டரைத் தாண்டி போனை நேரா லைனில் மாட்டிப் பாருங்க. டோன் வந்தா ஸ்ப்ளிட்டர்தான் செத்திருக்கு. வரலைன்னா மீட்டரை வைங்க. மேலே சொன்ன மாதிரி ஒரு கம்பிக்கு மட்டும் நிலத்தோட 48 வந்தா "ஒரு கம்பி துண்டிப்பு"ன்னு அப்படியே சொல்லுங்க. எக்ஸ்சேஞ்சில் அந்த வார்த்தைக்கு மறுபேச்சு இருக்காது.

மோடம் பக்கத்தில் சிக்னல்–இரைச்சல் இடைவெளியையும் பாருங்க. 6 டெசிபெல்லுக்குக் கீழே போனா அடிக்கடி அறுபடும்.

#13 ஈரக்காது

மழை நேரத்து அளவு: வீட்டு வயர் கழற்றி, வர்ற ஜோடியில் மட்டும், போனும் மாட்டாமல் 44 வோல்ட். காய்ந்த நாளில் அதே இடத்தில் 49. கரகரப்பு அந்த நிலையிலும் இருக்கிறது. 44 என்பது கிட்டத்தட்ட சரியான அளவுதானே? இதை வைத்து என்ன சொல்வது?

#14 ஓம்_மீட்டர்

இந்த 44-தான் எல்லாரையும் ஏமாத்துற எண். ஒரே இடத்தில் காய்ஞ்சப்போ எவ்வளவு, நனைஞ்சப்போ எவ்வளவு, அந்த வித்தியாசத்தைப் பாருங்க.

கணக்குப் போடுவோம். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு கம்பிக்கும் 200 ஓம் வீதம் 400 ஓம் வழியாத்தான் மின்சாரம் வருதுன்னு வெச்சுப்போம், பழைய முறை அதுதான். 0.4 மில்லிமீட்டர் கம்பின்னா போய் வர கிலோமீட்டருக்குச் சுமார் 270 ஓம். தூரம் 2.2 கிலோமீட்டர்னா கிட்டத்தட்ட 600. மொத்தம் 1,000 ஓம்.

காய்ஞ்சப்போ 49, நனைஞ்சப்போ 44. நடுவில் 5 வோல்ட் தொலைஞ்சிருக்கு. 1,000 ஓமில் 5 வோல்ட் விழணும்னா 5 மில்லி ஆம்பியர் ஓடணும். போனே மாட்டாத லைனில் எதுக்கு 5 மில்லி ஆம்பியர்? ஈரத்தின் வழியாத்தான். 44-ஐ அந்த 5 மில்லி ஆம்பியரால் வகுத்தா 8,800 ஓம். மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரம் கூட இல்லை.

இன்னும் கொஞ்சம் நனைஞ்சு கசிவு 10 மில்லி ஆம்பியரை ஒட்டிப் போனா எக்ஸ்சேஞ்ச் ரிசீவர் தூக்கினதாவே எடுத்துக்கும். அப்போ மணியே அடிக்காது, கூப்பிடுறவங்களுக்கு எப்பவும் பிஸி டோன்.

0.5 மில்லிமீட்டர் கம்பின்னா கிலோமீட்டருக்கு 168 ஓம் போட்டுக்கோங்க. தூரம் துல்லியமா தெரியணும்னு இல்லை, ஆயிரக்கணக்கா மெகா ஓமாங்கறது தெரிஞ்சா போதும்.

#15 எக்ஸ்சேஞ்ச்_பக்கம்

கணக்கு சரி. ஒரு திருத்தம்: எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு லைனுக்கும் மின்சாரம் தரும் இப்போதைய மின்னணு லைன் அட்டைகள் மின்னோட்டத்தைத் தாங்களே கட்டுப்படுத்தும், 400 ஓம் என்ற கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. அதனால் 8,800 என்ற எண்ணைப் புகாரில் எழுத வேண்டாம். 49, 44 என்ற இரண்டு அளவையும் எழுதுங்கள், அவற்றை யாரும் மறுக்க முடியாது. புகார் வாசகம் கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

"மழை தொடங்கி சுமார் இரண்டு மணி நேரத்தில் கரகரப்பு. உள்வரும் அழைப்பில் மணி ஒரு முறை அடித்து நின்றுவிடுகிறது. முதல் பெட்டியில் வீட்டு வயரிங்கை முழுவதும் கழற்றிவிட்டு அளந்தது: காய்ந்த நாளில் 49 வோல்ட், மழையில் 44 வோல்ட். அதே நிலையில் வயர் போன் மாட்டியும் இரைச்சல் உள்ளது. பழுது பெட்டிக்கு வெளியே. முந்தைய புகார் எண்கள் இவை. மழை நேரத்தில் காப்புத் தடைச் சோதனை தேவை."

தேதியும் நேரமும் கட்டாயம். "ரொம்ப நாளா", "அடிக்கடி" போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். கோபத்தை எழுதும் இடத்தில் இன்னொரு அளவை எழுதலாம்.

#16 பழைய_ஸ்ப்ளைசர்

ஆள் வந்ததும் கவனிக்க வேண்டியதைச் சொல்றேன். நல்ல லைன்மேன் முதல்ல டிபியில் ஏறி அங்கிருந்து கேட்பார். அங்கே சுத்தமா இருந்து வீட்டில் கரகரன்னா டிராப் வயர். அங்கேயே கரகரன்னா பில்லருக்குப் போய் அங்கே பிரிச்சுக் கேட்பார், அப்புறம் எம்டிஎஃப் (எக்ஸ்சேஞ்சில் எல்லா லைனும் வந்து சேர்ற சட்டம்). பாதி பாதியா வெட்டித் தேடறதுதான் முறை. வந்ததும் வராததுமா ரோசெட்டை மாத்திட்டுக் கிளம்பறவரை நிறுத்தி "டிபியில் கேட்டீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

டிராப் வயர் பழுதுன்னா முழு நீளமும் புது வயர் இழுக்கணும். நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுத்தினா அடுத்த மழைக்கு அதே கதைதான். டேப் தண்ணியைத் தடுக்காது, உள்ளே போனதை வெளியே விடாமப் பிடிச்சு வைக்கும். ஜாயின்ட் தவிர்க்க முடியாதுன்னா உள்ளே ஜெல்லி நிரப்பின அமுக்குக் கனெக்டர் போடச் சொல்லுங்க. கம்பியோட தோலை உரிக்காமச் செருகி பிளையரால் அமுக்கினா போதும், தகடு தோலைக் கிழிச்சுக் கம்பியைப் பிடிச்சுக்கும், ஜெல்லி ஈரத்தை விடாது. கம்பிக்கு ஒண்ணு, ஆக ஒரு ஜோடிக்கு ரெண்டு கனெக்டர்.

வயர் சுவருக்குள் நுழையுற இடத்துக்கு முன்னாடி கீழே ஒரு தொங்கல் வளைவு இருக்கணும், தண்ணி அங்கேயே சொட்டிடும். சுவர் ஓட்டை வெளிப்பக்கம் தாழ்வா சரிஞ்சிருக்கணும். ரோசெட்டுக்குள் நுழையறது கீழ்ப்பக்கமா இருக்கட்டும். மேலேயிருந்து நுழைஞ்சா வயர் வழியே தண்ணி வழிஞ்சு நேரா திருகுக்கு வரும்.

திருகைக் கழற்றிப் பார்த்தா பச்சையா பூத்திருக்கா? எந்தக் கம்பியில்னு பாருங்க. பெரும்பாலும் ஒண்ணு மட்டும் தின்னு போயிருக்கும். ஒரு கம்பி நிலத்தை ஒட்டி 0, இன்னொண்ணு மைனஸ் 48. ரெண்டுக்கும் நடுவே ஈரம் வந்தா மின்பகுப்பு ஆரம்பிச்சு, 0 பக்கத்துக் கம்பி பிளஸ் முனையா மாறிக் கரையும். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியோட பிளஸ்ஸை நிலத்தில் இணைச்சு மைனஸை லைனுக்கு விடறதே, மண்ணோட கசியற செம்பு அரிக்காம இருக்கத்தான். ஆனா ரெண்டு கம்பிக்குள்ளேயே கசிஞ்சா அந்தத் தந்திரம் பலிக்காது. பச்சை பூத்த முனையைச் சுரண்டித் திரும்ப மாட்டக் கூடாது. வெட்டி எறிஞ்சுட்டுப் புதுச் செம்பு தெரியற வரைக்கும் பின்னாடி போகணும்.

ஜோடி மாத்தித் தர்றேன்னு சொல்வாங்க, அதாவது கேபிளில் சும்மா கிடக்கிற வேற ஜோடிக்கு உங்க லைனை மாத்தறது. அரை மணி நேர வேலை. ஒரே ஒரு ஜோடி கெட்டிருந்தா நல்ல தீர்வு. கேபிளே நனைஞ்சிருந்தா புது ஜோடியும் கொஞ்ச நாளில் போயிடும். மாத்தின ஜோடி எண்ணைக் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

#17 மணிச்சத்தம்

செம்பை விட்டு ஃபைபருக்கு மாறிட்டா இந்தத் தலைவலியே இல்லையே?

#18 கண்ணாடி_இழை

ஈரத் தலைவலி போகும், வேறு தலைவலி வரும். ஃபைபரில் போன், வீட்டு ஓஎன்டி பெட்டியின் (இழையில் வரும் ஒளியை மின்சிக்னலாக மாற்றுவது) பின்பக்கப் போன் துளையிலிருந்து வருகிறது. டயல் டோனை உருவாக்குவது அந்தப் பெட்டிதான். பெட்டிக்கு மின்சாரம் போனால் போனும் போகும், பேட்டரி வைத்தாலொழிய.

அங்கே பழுது பார்ப்பது விளக்கை வைத்து. லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை: இழை அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது பச்சைக் கனெக்டர் சரியாகச் செருகப்படவில்லை. பான் (PON, இழை இணைப்பு) விளக்கு நிலையாக எரிந்து, நெட் ஓடி, போன் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் இழையில் பழுது இல்லை. போன் எண் சர்வரில் பதிவாகவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டும் வரவில்லை என்றால் "குரல் பதிவு ஆகவில்லை, இணையம் ஓடுகிறது" என்று புகார் சொல்லுங்கள். அதற்கு ஆள் வர வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்வார்கள்.

ஜிபானில் (வீட்டு ஃபைபரில் ஒரு வகை) பெட்டிக்கு வரும் ஒளி அளவு மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் (ஒளித் திறன் அலகு) நடுவே இருக்க வேண்டும். மைனஸ் 27-ஐ ஒட்டி நின்றால் இன்று ஓடும், நாளை அறுபடும். இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால்தான் ஆபத்து.

#19 சின்னத்திரி

முனகல் பிடிபட்டது. கார்ட்லெஸ் அடாப்டர்தான். நன்றி.

#20 ஈரக்காது

வேலை முடிந்தால் "பழுது தீர்ந்ததா?" என்று குறுஞ்செய்தி வரும், ஆம் என்றால் புகார் மூடிவிடும். லைன்மேன் நின்றுகொண்டே பதில் போடச் சொன்னால்?

#21 எக்ஸ்சேஞ்ச்_பக்கம்

காய்ந்த நாளில் வந்தால் அவர் நிற்கும்போது எல்லாமே சரியாகத்தான் இருக்கும், அதை வைத்து ஆம் சொல்ல முடியாது. என்ன செய்தார் என்று கேளுங்கள். "டிராப் வயர் மாற்றினேன்", "பில்லரில் ஜாயின்ட் புதுசு" என்று பெயர் சொல்லக்கூடிய வேலை நடந்திருந்தால் மூட ஒப்புக்கொள்ளலாம், மழையில் திரும்ப வந்தால் அதே எண்ணில் திறக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுக்கொண்டு. "செக் பண்ணேன், ஓகே" என்பது மட்டும்தான் பதில் என்றால் இல்லை என்று போடுங்கள். அவர்மேல் கோபப்பட வேண்டாம், பல இடங்களில் அவருக்கு ஒரு புகாருக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு.

அவர் கிளம்பும் முன் இரண்டு காரியம். ரிசீவரைத் தூக்கி ஒரே ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்று லைன் அமைதியாகும். சில விநாடிதான் கிடைக்கும். அந்த அமைதியில் கேட்பதுதான் லைனின் உண்மையான சத்தம், டோன் ஓடும்போது சின்னக் கரகரப்பு தெரியாது. பிறகு கைபேசியிலிருந்து கூப்பிட்டு மணியை ஆறு, ஏழு முறையாவது முழுதாக அடிக்க விடுங்கள்.

மேல்முறையீட்டுக்கு எழுத வேண்டி வந்தால் புகார் எண், தேதி, மூடியபோது எழுதிய காரணம், உங்கள் இரண்டு அளவு, இவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். முதலில் கம்பெனியின் மேல்முறையீட்டு மேசை, அங்கே தீராவிட்டால் ஒழுங்குமுறை அமைப்பு. லைன் வேலை செய்யாத நாட்களுக்கு வாடகைத் தள்ளுபடி உண்டா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

#22 ஓம்_மீட்டர்

@ஈரக்காது அடுத்த மழையில் பெட்டியைத் திறந்து அதே இடத்தில், அதே மீட்டரில், போன் மாட்டாம அளந்து போடுங்க. 49 வந்தா முடிஞ்சுது. 47 வந்தாக்கூட இன்னும் எங்கேயோ ஒரு ஜாயின்ட் நனையுது, புகாரை மூட விடாதீங்க.